கயல் சொல்லாமல் விட்ட வார்த்தை

1

என் மகள் பாடினால் ஆட்கள் அழுகிறார்கள் என்ற சேதியை எனக்கு முதலில் சொன்னவர் ஒரு பஸ் டிரைவர்.

நார்வேயில் பெர்கன் என்கிற ஊரில் இருக்கிறோம். மழை பெய்யாத நாளைத்தான் அங்கே ஆட்கள் அதிசயமாகப் பேசிக்கொள்வார்கள். ஒரு முதியோர் இல்லத்துச் சமையற்கட்டில் எனக்கு வேலை. காலையில் போவதற்கு எப்போதும் ஒரே பஸ், பெரும்பாலும் ஒரே டிரைவர். நெட்டை மனிதர். ஒரு தலையசைப்பு, ஒரு காலை வணக்கம், அதற்கு மேல் பேசியதில்லை. அடுத்தவரைத் தொந்தரவு பண்ணாமல் விடுவதுதான் அந்த ஊரில் மரியாதை.

போன வருஷம் இலையெல்லாம் உதிர்கிற சமயத்தில் ஒரு நாள் அவர் என்னைப் பார்த்து, "நீங்க கயலோட அம்மாதானே? முன்னெல்லாம் உங்ககூட இந்த பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகுமே, அந்தப் பொண்ணு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சனிக்கிழமை நாங்க அவ கச்சேரிக்குப் போயிருந்தோம். என் மனைவி அழுதுட்டா." கொஞ்சம் பொறுத்து, "நானும்தான்" என்றார்.

அவர்கள் மொழியில் சட்டென்று வாயில் வந்தது "மன்னிச்சுக்கோங்க" என்பதுதான். என் மகள் அவரை அடித்துவிட்ட மாதிரி நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

கயல் ஆஸ்லோவில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். வார இறுதியில் கிடாரை முதுகில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறாள் என்பது எனக்குத் தெரியும். பாட்டெல்லாம் அவளே எழுதுவது. எங்களை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. எங்கள் ஊரிலேயே வந்து பாடிவிட்டுப் போயிருக்கிறாள் என்பதை டிரைவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கே போன் பண்ணிக் கேட்டேன்.

"அடுத்த மாசமும் அங்க பாடுறேன். வரணும்னா வாம்மா," என்றாள். "ஆனா உனக்குப் புரியாது."

அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று இருந்தது. இருந்தாலும் போனேன். என் வீட்டுக்காரர் வழக்கம்போலக் கடலில் இருந்தார். அவருக்குக் கப்பல் இன்ஜின் வேலை. நான் மட்டும்தான் போனேன்.

முன்பு மத்தி மீனை டப்பாவில் அடைக்கிற தொழிற்சாலையாக இருந்த கட்டடம் அது. இப்போது நாற்காலி போட்டுக் கச்சேரி நடத்துகிறார்கள். மேடையில் ஒரு ஸ்டூல், ஒரு கிடார், என் மகள். நடுவில் ஒரு பாட்டு வந்தது. முதலில் தடிமனான கம்பியைக் கட்டைவிரலால் மட்டும் தட்டினாள், யாரோ வெறுங்காலோடு வீட்டுக்குள் நடக்கிற மாதிரி. பிறகு மற்ற விரல்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பாடத் தொடங்கினாள். நான் வேலையிடத்தில் பேசிச் சமாளிக்கிற நார்வேஜியன் வேறு, அவள் பாடுகிற அந்த ஊர் வழக்கு வேறு. வலை போட்டு மீன் பிடிப்பது போல நாலு வார்த்தை பிடித்தேன். அம்மா. காலை. போர்வை. கழுத்து.

பக்கத்தில் இருந்த வாலிபன் தன் கம்பளித் தொப்பியைச் சுருட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். முன் வரிசையில் ஒரு புருஷனும் பெஞ்சாதியும் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினார்கள். முடிந்ததும் வயசான ஒரு அம்மா என்னிடம் வந்து, என் இரண்டு கையையும் பிடித்து நெடுநேரம் என்னவோ சொன்னார். அதில் எனக்கு விளங்கியது "நீங்கள் இருக்கிறீர்களே" என்பது மட்டும்தான். இருக்கிறேன் என்று தலையாட்டினேன்.

வெளியே வந்து கயலிடம், "எதுக்குடி எல்லாரும் அழுதாங்க?" என்றேன்.

"சும்மா ஒரு பாட்டும்மா" என்று கிடாரைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

2

நானும் மொழியும் அங்கே முட்டிக்கொண்ட கதையை இந்த இடத்தில் சொல்ல வேண்டும்.

போன புதிதில் ஒரு அலுவலகத்தில் படிவம் கொடுத்தார்கள். அதில் 'கிஃப்ட்' என்று ஆங்கில எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. நான் பரிசுப் பொருள் ஏதாவது கொண்டுவந்திருக்கிறேனா என்று கேட்கிறார்கள்போல என்று நினைத்து, இல்லை என்று குறித்தேன். அந்த ஊரில் அதை 'யிஃப்ட்' என்று படிக்க வேண்டும். கல்யாணம் ஆனவர் என்று அர்த்தம். விஷத்துக்கும் அதே சொல்தான். அந்தக் குறியைத் திருத்த நாங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. அது தீரும்வரை அரசாங்கக் கணக்கில் நான் கன்னிப்பெண். "ஒரு வருஷம் எனக்குப் பொண்டாட்டி தொல்லை இல்ல" என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

கயல் அந்த ஊர் மொழியைப் பேசத் தொடங்கியதும் எனக்குக் கவலை விட்டது. அவள் குதிகாலை உயர்த்தி நின்று கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எனக்காகப் பேசுவாள். வாடகை ஒப்பந்தம், மின்சார மீட்டர், பல் டாக்டர், வரி என்று எல்லாமே அவள் வாய் வழியாகத்தான் எனக்கு வந்தது. விளையாட வேண்டிய வயசில் அந்தப் பிள்ளைக்கு மீட்டர் கட்டணம் தெரியும். எனக்கு அதில் பெருமை. ஊருக்குப் போன் பண்ணும்போதெல்லாம் சொல்லுவேன்.

பதினாறு வயசில் ஒரு நாள், வங்கிக் கவுண்டரில், அங்கிருந்த ஆள் வாயைத் திறந்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது. "இனிமே நீயே பேசும்மா. என்னால முடியாது" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

கூட்டாளிகள் பார்ப்பார்கள், இந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு திரிய வெட்கம் என்று நினைத்தேன். அதற்கப்புறம் வீட்டிலும் நான் தமிழில் கேட்பேன், அவள் நார்வேஜியனில் பதில் சொல்வாள். பிறகு ஆஸ்லோ. ஞாயிற்றுக்கிழமை போன். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், மழையா, மழைதான். வெளிநாட்டில் பிள்ளை வளர்த்தால் இப்படித்தான் என்று எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். நானும் அதையே சொல்லி மனசை ஆற்றிக்கொண்டேன்.

3

இந்த வருஷம் என் தம்பி முருகேசன் தன் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தான். கயல் வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கேட்ட உடனே, "மாமா இன்னமும் கிடார் வாசிக்கிறாரா? அப்ப வாரேன்" என்றாள்.

முருகேசனுக்குத் திண்டுக்கல்லில் மோட்டார் ரீவைண்டிங் கடை. சுற்றுப்பட்டு விவசாயிகள் கருகிப்போன பம்புசெட் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பகலெல்லாம் செம்புக் கம்பி சுற்றுகிற அதே கை, திருவிழாக் காலத்தில் மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிக்கும். பாடுகிறவர்களுக்கு நடுவில் அவனுக்கென்று கொஞ்ச நேரம் விடுவார்கள். கீபோர்டு, தபேலா எல்லாம் நின்றுவிடும். அவன் மட்டும் தனியாக வாசிப்பான். சினிமாப் பாட்டு கிடையாது, அவனே போட்ட மெட்டு. அதைக் கேட்கவென்றே நத்தத்துக்கும் கீரனூருக்கும் பின்னாலேயே போகிற ஆட்கள் உண்டு.

அவர்களில் ஒருத்தி பாண்டியம்மா. சேவுகம்பட்டியில் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறாள். திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் பூ போட வருகிறவள், ஒத்திகை நடப்பது தெரிந்தால் கடை மாடிக்கு ஏறி வந்துவிடுவாள். நாங்கள் போயிருந்த அன்றைக்கும் வந்தாள். முருகேசன் வாசிக்கத் தொடங்கினான். ஒரு இடத்தில் கம்பியை விரலால் மேலே தள்ளி அப்படியே நிறுத்துவான், சத்தம் வளைந்துகொண்டு போகும். அந்த இடம் வந்ததும் பாண்டியம்மா முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

கயல் என் காதில், "அவங்க ஏன் அழுறாங்க? மாமா பாடவே இல்லியே?" என்றாள்.

பாண்டியம்மாவிடமே கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்க்கா? உன் தம்பி அந்தக் கம்பியைத் தள்ளுறப்ப வயித்துக்குள்ள கையை விட்டுப் பிசையற மாதிரி இருக்கு. அழுதுட்டுப் போனா நாலு நாளைக்கு உடம்பு லேசா இருக்கு. பூ எடுக்கக் குனியறதே தெரியல."

நான் அதைக் கயலுக்கு நார்வேஜியனில் சொல்லப் பார்த்தேன். வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அவளுக்குப் புரிந்திருந்தது. பாண்டியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

4

மறுநாள் மத்தியானம் முருகேசன் கயலைக் கடை மாடிக்கு வரச்சொன்னான். ஜன்னல் வழியாக மலைக்கோட்டை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. மேலே மின்விசிறி, கீழே கடையில் மோட்டார் ஓட்டிப் பார்க்கிற சத்தம். "பாப்பா, உன் பாட்டு ஒண்ணு வாசி, பாப்போம்" என்றான்.

அவள் அந்தப் பாட்டை எடுத்தாள். அதே கட்டைவிரல், அதே நடை. முருகேசன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முடிந்ததும் கண்ணைத் திறந்தான்.

"விரல் நல்லாப் பேசுது பாப்பா. வரவேற்புல இதை நீ வாசிக்கிற. ஆனா பாட்டு என்ன சொல்லுதுனு நம்ம சனத்துக்குத் தெரியணும்ல? அக்கா, ஒவ்வொரு வரியா நீ மைக்குல தமிழ்ல சொல்லிரு."

"எனக்கே தெரியாதுடா" என்றேன்.

"என்னக்கா சொல்ற? உம் மக பாட்டு என்னன்னு உனக்குத் தெரியாதா?"

நான் தரையைப் பார்த்தேன். கயல் கிடாரின் முறுக்காணியைத் திருகிக்கொண்டிருந்தாள், சுருதி சரியாகத்தான் இருந்தது. முருகேசன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்தான். "டீ வாங்கிட்டு வாரேன்" என்று படியிறங்கிப் போனான்.

பிறகு கயல் தமிழில் பேசினாள். அவ்வளவு நீளமாக அவள் தமிழ் பேசி நான் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

"உன் கழுத்துல கட்டி வந்துச்சுல்லம்மா. எனக்குப் பதினொரு வயசு. நம்ம டாக்டர்கிட்ட போனோம்."

ஞாபகம் இருந்தது. என் வீட்டுக்காரர் கடலில் இருந்த சமயம். போனில் மொழிபெயர்க்க ஒருத்தர் வருவார் என்று ஏற்பாடு. லைன் பாதியில் அறுந்துபோய்விட்டது. டாக்டர் தயங்கினார். கயல்தான், நான் சொல்கிறேன் என்று முன்னால் வந்தாள். டாக்டர் மெதுவாகப் பேசினார். அவள் என்னிடம் திரும்பி, "சின்னக் கட்டியாம்மா, எடுத்துருவாங்களாம்" என்றாள். நான் நிம்மதியாக எழுந்து வந்தேன்.

"அவரு அது மட்டும் சொல்லல" என்றாள் கயல். "அது ஆபத்தா இருக்கலாம்னு சொன்னாரு. எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்னு சொன்னாரு. எனக்கு அதுக்குத் தமிழ்ல வார்த்தை தெரியல. 'கெட்ட கட்டி'ன்னு சொல்லலாமானு யோசிச்சேன். நீ என் மூஞ்சியைப் பாத்து 'என்னடி சொல்றாரு'ன்னு கேட்ட. நான் 'சின்னது'ன்னு சொல்லிட்டேன். அப்புறம் வீட்டுக்கு வந்து சொல்லலாம்னு நெனச்சேன். நீ சிரிச்சுக்கிட்டே தோசை சுட்ட. எப்படிச் சொல்ல?"

"அப்பாகிட்டயாவது..."

"அப்பா போன்ல கேட்டாரு. அவருகிட்டயும் சின்னதுன்னுதான் சொன்னேன். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி சொல்லணும்ல."

ஆபரேஷன் அன்றைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் நேரிலேயே வந்தார். ஆனால் அன்றைக்குப் பேச்செல்லாம் பட்டினி கிடப்பது, மயக்க மருந்து, தையல் என்றுதான் இருந்தது. அதற்கப்புறம் கட்டியைச் சோதித்து முடிவு தெரிகிறவரை ஒரு சில வாரம். அந்த வாரங்களை நான் எப்படிக் கழித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் கழித்திருக்கிறேன். தையல் பிரித்த கையோடு முறுக்குச் சுட்டேன். கயல் அப்போது என் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்வாள். காலையில் நான் கண் விழித்தால் அவள் ஏற்கெனவே விழித்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். "ஏன்டி இம்புட்டு வெள்ளன முழிச்சுக்கிட்டு என் மூஞ்சியைப் பாக்குற, ஸ்கூலுக்கு நேரமிருக்குல்ல, தூங்கு" என்று திட்டியிருக்கிறேன்.

"போர்வை அசையுதான்னு பாப்பேன்" என்றாள் கயல். "அசைஞ்சா நீ மூச்சு விடுற. அதுதான் பாட்டு."

கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவள்தான் எடுத்தாள். பேசி முடித்ததும் தரையில் உட்கார்ந்து சிரித்தாள், சிரிப்பு அழுகையாக மாறியது. என்னடி என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லம்மா, கட்டி நல்லதுதானாம்" என்றாள். கட்டியில் என்னடி நல்லது என்று நான் அதற்கும் திட்டினேன்.

வங்கியில் நடந்ததைக் கேட்டேன். எனக்காக வெட்கப்பட்டாளா என்று நேராகவே கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வெட்கமா? இல்லம்மா. அந்த ஆள் வாயைத் தொறந்தப்ப என்ன சொல்லப் போறாரோன்னு பயம் வந்துச்சு. அவரு வட்டியைப் பத்தித்தான் பேசுனாரு. ஆனா யாரு பேசுனாலும் எனக்கு டாக்டர் பேசுற மாதிரியே இருந்துச்சு. அதான் முடியலன்னு சொன்னேன்."

எத்தனை வருஷம் நான் அதை வேறு மாதிரி மனசில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் தலையை இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். கிடார் இடையில் மாட்டி நெருடியது. இரண்டு பேருமே அதை நகர்த்தவில்லை. முருகேசன் டீயோடு வந்து வாசலிலேயே நின்றான். "ஆறிரும், குடிங்க" என்று கிளாஸ்களை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு, "அக்கா, மைக்குல சொல்லுவல்ல?" என்று மட்டும் கேட்டான்.

"சொல்றேன்டா" என்றேன்.

5

காலையில் முகூர்த்தம் முடிந்து, சாயங்காலம் வரவேற்பு நத்தம் ரோட்டில் ஒரு மண்டபத்தில். உங்களுக்குத் தெரியாததா? மணமேடைக்கு மொய்க்கவரோடு நிற்கிற வரிசை, போட்டோக்காரர் விளக்கு, பந்திக்கு இடம் பிடிக்கிற ஓட்டம். பாட்டுக்காரர்கள் பக்கம் யார் திரும்புவார்கள்? தொழிற்சாலைக் கூடத்தில் குண்டூசி விழுந்தால் கேட்கிற அமைதியில் பாடிப் பழகிய பெண். இங்கே யாராவது சிரித்துவிட்டால் என்ன செய்வாள்?

கயல் சின்னாளபட்டிச் சேலை கட்டி, கிடாரை மடியில் வைத்து உட்கார்ந்தாள். முருகேசன் மைக்கைப் பிடித்து, "எங்க அக்கா மக. நார்வேல பாடுற புள்ள. பாட்டு அந்த ஊரு பாஷையில இருக்கும். அர்த்தத்தை எங்க அக்கா சொல்லும். செத்த கேளுங்க" என்றான். யாரும் கேட்கிற மாதிரி தெரியவில்லை.

கட்டைவிரல் நடக்கத் தொடங்கியது. முதல் வரியை அவள் பாடி நிறுத்தினாள். நான் சொன்னேன்: "வெள்ளைக் கோட்டுப் போட்டவர் சொன்னதை அம்மாகிட்ட சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கல."

முன்னால் இருந்த நாலைந்து பொம்பளைகள் திரும்பினார்கள். அடுத்த வரி. "அதனால வேற ஒரு வார்த்தையைக் கொடுத்தேன். அம்மா அதை வாங்கிக்கிட்டுச் சிரிச்சா."

எனக்குப் பழகாத வேலை அது. எப்போதும் அவள் சொல்ல நான் கேட்டுத்தான் பழக்கம். இப்போது அவள் பாடிவிட்டு என்னைப் பார்த்துக் காத்திருந்தாள். நான் முடித்த பிறகுதான் விரல் நகர்ந்தது. மூன்றாவது வரியில் முருகேசன் தன் கிடாரை எடுத்து, அவள் பாட்டுக்கு அடியில் மெல்லிசாக ஒரு சத்தத்தை விரித்தான். பந்திக் கூடத்து வாசலில் சாம்பார் வாளியோடு ஒரு ஆள் நின்றுவிட்டார்.

போர்வை வரியைச் சொன்னதும் நடு வரிசையிலிருந்து ஒரு கீரனூர்க்காரர், மாப்பிள்ளை வீட்டு உறவு, எழுந்து நின்று கேட்டார்: "ஏனுங்க, அந்தப் புள்ளைக்கு அப்ப என்ன வயசுங்க?"

"பதினொண்ணு" என்றேன்.

"அடக் கடவுளே" என்று உட்கார்ந்தார். மண்டபம் அடங்கியது. அவர் வீட்டு அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பாண்டியம்மாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மடியில் இருந்த பூப்பொட்டலம் சரிந்து விழுந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். அழுததில் பாதிப் பேர், சின்ன வயசில் தங்கள் வீட்டில் எதையோ சொல்லாமல் மறைத்தவர்களாக இருக்க வேண்டும். முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

கடைசி வரி வந்தது. இன்னமும் விடிவதற்கு முன்னால் விழித்துக்கொள்கிறேன், வேறு ஊரில் உன் போர்வை அசைகிறதா என்று நினைத்து, என்பது அந்த வரி. மாடியில் அவள் ஒவ்வொரு வரியாக அர்த்தம் சொன்னபோது இதைச் சொல்லவில்லை. முன்பு கேட்டபோது பிடிபடாத வரி, இந்தத் தடவை எனக்கு நேராகவே விளங்கியது.

மைக் கையில் இருந்தது. தமிழ் வரவில்லை. நான் அவள் பக்கம் திரும்பி நார்வேஜியனில் சொன்னேன். இலக்கணம் சரியாக இருந்ததா என்று தெரியாது. "நாளைக்கு நான் முதல்ல எந்திரிக்கிறேன். நீ தூங்கு."

கயல் கம்பிகள் மேல் உள்ளங்கையை வைத்தாள். சத்தம் நின்றது. கிடார் மேல் குனிந்துகொண்டாள்.

"அக்கா," முருகேசன் மெதுவாகக் கேட்டான், "கடைசி வரிக்கு அர்த்தம் சொல்லலியே. சனம் பாக்குது."

"விடுப்பா," என்று கீழேயிருந்து பாண்டியம்மா குரல் கொடுத்தாள், "எங்களுக்கு வெளங்கிருச்சு."

அதற்கப்புறம்தான் கைதட்டல். முருகேசன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அழுத கூட்டத்தை அப்படியே விடக்கூடாது என்று ஒரு குத்துப்பாட்டைத் தொடங்கினான். கீரனூர்க்காரர்தான் முதலில் ஆடப் போனார்.

மறுநாள் கல்யாண வீட்டில் எல்லாரும் கிழக்கு வெளுக்கும் முன்னே எழுந்துவிட்டார்கள். கயல் எழவில்லை. மாடி அறையில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாயைத் திறந்து தூங்கினாள். வாசலில் நாற்காலியைப் போட்டு நான் உட்கார்ந்துகொண்டேன். பாத்திரம் எடுக்க வந்தவர்களையும், போட்டோ காட்ட வந்த முருகேசனையும், உதட்டில் விரலை வைத்துக் காட்டித் திருப்பி அனுப்பினேன். வெயில் அவள் காலில் ஏறி, இடுப்புக்கு வந்து, தோளுக்கு வந்தது. அப்போதும் எழுப்பவில்லை.